உரிமை இருந்தும் வழி இல்லை: அமெரிக்காவின் லத்தீன் பெண்கள் எதற்காகப் போராடுகிறார்கள்?

டெக்சாஸ் மாநிலத்தின் தென்கோடியில் இருக்கிறது மெக்காலன் நகரம். மெக்சிகோ எல்லை அங்கிருந்து கூப்பிடு தூரம். வடக்கே இருக்கும் பெரிய நகரமான சான் அன்டோனியோவுக்குப் போக வேண்டுமென்றால் 281-வது நெடுஞ்சாலையைப் பிடித்துச் சுமார் 380 கிலோமீட்டர் போக வேண்டும். பாதி வழி போவதற்குள் ஃபால்ஃபூரியஸ் என்ற சிற்றூருக்கு அருகே எல்லா வண்டிகளும் நிறுத்தப்படும். அங்கே எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடி இருக்கிறது. எல்லையிலிருந்து 100 கிலோமீட்டர் தள்ளி, அமெரிக்காவுக்கு உள்ளேயே இருக்கும் சாவடி அது. “நீங்கள் அமெரிக்கக் குடிமகளா?” என்பதுதான் அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி.

குடியுரிமை உள்ளவருக்கு அது அரை நிமிட வேலை. ஆவணம் இல்லாத பெண்ணுக்கோ, அந்தச் சாவடியைத் தாண்டுவது கைதிலும் நாடு கடத்தலிலும் முடியலாம். தெற்கே போனால் மெக்சிகோ எல்லை. போனால் திரும்பி வர முடியாது. ஆக, இரண்டு கோடுகளுக்கு நடுவே அவர் வாழ்க்கை முடிந்துவிடுகிறது. கர்ப்பப் பரிசோதனையோ, கருத்தடையோ, புற்றுநோய் சிகிச்சையோ, எதுவானாலும் அந்த இடைவெளிக்குள்ளேயே கிடைத்தால்தான் உண்டு.

அமெரிக்காவில் கருக்கலைப்பு என்றாலே நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றித்தான் பேச்சு வரும். ஆனால் இந்தப் பெண்களின் கேள்வி அதற்கும் முந்தையது. சட்டம் அனுமதித்தாலும், அங்கே போய்ச் சேர வழி இருக்கிறதா?

யார் இவர்கள்?

லத்தீன் அமெரிக்க நாடுகளை வேராகக் கொண்ட பெண்களை ‘லத்தீனா’ என்கிறார்கள். அமெரிக்காவில் லத்தீன் வம்சாவளியினர் சுமார் 6.5 கோடிப் பேர். ஐந்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். இவர்கள் எல்லாருமே ‘ஆவணம் இல்லாமல் வந்தவர்கள்’ என்ற எண்ணம் தவறு. பத்தில் எட்டுப் பேர் அமெரிக்கக் குடிமக்கள்.

ஆனால் ஒரே வீட்டுக்குள் நிலைமை மாறும். கணவரிடம் கிரீன் கார்டு இருக்கும், மனைவியிடம் எந்த ஆவணமும் இருக்காது, பிள்ளைகள் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்களாக இருப்பார்கள். இதனால் ஒருவருக்கு வரும் பயம் வீட்டில் எல்லாரையும் தொற்றிக்கொள்கிறது.

மெக்காலனைச் சுற்றியுள்ள ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் மக்கள்தொகையில் சுமார் 90% பேர் லத்தீன் வம்சாவளியினர். ‘கொலோனியா’ எனப்படும் குடியிருப்புகள் இங்கே ஏராளம். நகர எல்லைக்கு வெளியே, முறையான சாலையோ வடிகாலோ இல்லாமல் துண்டு துண்டாக விற்கப்பட்ட மனைகளில் உருவானவை அவை. பேருந்து வசதி குறைவு; கார் இல்லாமல் எங்கும் போக முடியாது. ஆவணம் இல்லாதவர்களுக்கு டெக்சாஸ் ஓட்டுநர் உரிமம் கொடுப்பதும் இல்லை. ஆக, வீட்டுக்குப் பக்கத்து மருத்துவமனைக்குக் கார் ஓட்டிப் போவதுகூட ஆபத்தான வேலைதான்.

அனுமதி இருந்தபோதும் ஏன் கிடைக்கவில்லை?

‘ரோ எதிர் வேட்’ வழக்கில் 1973-ல் வந்த தீர்ப்பு, கருக்கலைப்பை அமெரிக்கா முழுவதும் அரசியலமைப்பு உரிமையாக்கியது. அந்த வழக்கே டெக்சாஸிலிருந்து போனதுதான். மூன்றே ஆண்டுகளில் ‘ஹைட் திருத்தம்’ வந்தது. ஹென்றி ஹைட் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த அந்த விதி, ஏழைகளுக்கான மத்திய அரசின் மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டிலிருந்து கருக்கலைப்புக்குப் பணம் தரக் கூடாது என்றது. 1977-ல் அது நடைமுறைக்கு வந்தது.

அதே ஆண்டு அக்டோபர் 3-ம் தேதி மெக்காலனில் ரோஸி ஹிமெனெஸ் என்ற 27 வயதுப் பெண் இறந்தார். இடம்பெயர்ந்து உழைத்த விவசாயத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர், கல்லூரி மாணவி, சின்னஞ்சிறு பெண் குழந்தைக்குத் தாய். காப்பீடு கைவிட்டதால் மலிவான, பாதுகாப்பற்ற வழியை நாடியவருக்குக் கிருமித்தொற்று உடல் முழுவதும் பரவிவிட்டது. ஹைட் திருத்தத்தால் நேர்ந்ததாக அறியப்பட்ட முதல் மரணம் இது. அப்போது ரோ தீர்ப்பு நடைமுறையில் இருந்தது. கருக்கலைப்பு சட்டப்படி செல்லும். அவரிடம் இல்லாதது பணம் மட்டுமே.

‘உரிமை வேறு, அதை அடையும் வழி வேறு’ என்று லத்தீன் பெண்கள் அமைப்புகள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இந்த மரணமும் ஒரு காரணம். ஹைட் திருத்தம் செல்லும் என்று 1980-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது ஒவ்வொரு ஆண்டும் நிதி ஒதுக்கீட்டு மசோதாவோடு சேர்ந்து இன்றுவரை தொடர்கிறது.

குழந்தை பெறுவதற்கும் ஏன் போராட வேண்டியிருந்தது?

கருக்கலைப்பு மட்டும்தான் இவர்களின் கோரிக்கை என்று நினைத்தால், கதையில் பாதியை விட்டுவிடுகிறோம். ‘குழந்தை வேண்டாம்’ என்று சொல்லும் உரிமைக்கு முன்பே, ‘குழந்தை வேண்டும்’ என்று சொல்லும் உரிமை இவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது.

அமெரிக்காவின் ஆட்சிக்கு உட்பட்ட புவெர்ட்டோ ரிக்கோ தீவில் கருத்தடை அறுவை சிகிச்சை பல ஆண்டுகள் அரசின் ஆதரவோடு பரப்பப்பட்டது. அங்கே குழந்தை பெற்ற பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு அந்த அறுவை சிகிச்சை நடந்திருந்ததை 1960-களின் ஆய்வு காட்டியது. உலகமே இன்று சாப்பிடும் கருத்தடை மாத்திரையின் பெரிய அளவிலான முதல் பரிசோதனையும் 1956-ல் அந்தத் தீவின் ரியோ பியெத்ராஸ் பகுதியில்தான் தொடங்கியது. பரிசோதனை மாத்திரைதான் சாப்பிடுகிறோம் என்பதே பல பெண்களுக்குத் தெரியாது.

அமெரிக்காவுக்குள்ளும் இதே கதைதான். லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட அரசு மருத்துவமனையில் மெக்சிகோ வம்சாவளிப் பெண்களுக்குப் பிரசவ வலியின் நடுவே ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக் கருத்தடை செய்தார்கள். சிலர் அது என்ன படிவம் என்றே தெரியாமல் கையெழுத்துப் போட்டார்கள். தனக்கு இனி குழந்தை பிறக்காது என்பது சிலருக்குப் பின்னாளில்தான் தெரியவந்தது. 10 பெண்கள் 1975-ல் வழக்குப் போட்டார்கள். ‘மாட்ரிகல் எதிர் குவில்லிகன்’ என்று அறியப்படும் அந்த வழக்கில் 1978-ல் வந்த தீர்ப்பு மருத்துவர்கள் பக்கம்தான் நின்றது.

வழக்கு தோற்றது, ஆனால் வீண்போகவில்லை. ஸ்பானிஷ் மொழியில் ஒப்புதல் படிவங்கள் வந்தன. மத்திய அரசு நிதியில் நடக்கும் கருத்தடை அறுவை சிகிச்சைக்கு 30 நாள் காத்திருப்பு, குறைந்தது 21 வயது என்ற விதிகளும் அந்தக் காலத்துப் போராட்டங்களால் வந்தவைதான். அந்தப் போராட்டத்தில் முன்னின்ற மருத்துவர் ஹெலென் ரோத்ரிகெஸ் த்ரியாஸ், பின்னாளில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கத்தின் தலைவரான முதல் லத்தீனா.

இதெல்லாம் பழைய கதை என்று தள்ளிவிடவும் முடியாது. ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள இர்வின் மாவட்டக் குடியேற்றத் தடுப்பு மையம் பற்றி அங்கே பணியாற்றிய செவிலியர் 2020-ல் புகார் கொடுத்தார். பெண்களுக்கு அளவுக்கு மீறிய, பல நேரங்களில் தேவையே இல்லாத மகப்பேறு மருத்துவச் சிகிச்சைகள் செய்யப்பட்டதாக அமெரிக்க செனட் துணைக்குழு 2022-ல் அறிக்கை தந்தது. பெருமளவில் கருப்பைகள் அகற்றப்பட்டதாகப் பரவிய செய்தியை அந்த விசாரணை உறுதிப்படுத்தவில்லை. ஆனாலும் அதில் வெளிவந்ததே போதுமான அளவு மோசம்.

டெக்சாஸில் என்ன நடந்தது?

டெக்சாஸ் சட்டமன்றம் 2011-ல் குடும்பக் கட்டுப்பாட்டுக்கான நிதியில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டியது. குறி வைத்தது கருக்கலைப்பு மையங்களோடு தொடர்புள்ள அமைப்புகளை. அடி விழுந்தது சாதாரணப் பெண்களுக்கு. மாநிலம் முழுவதும் 80-க்கும் மேற்பட்ட குடும்பக் கட்டுப்பாட்டு மையங்கள் மூடப்பட்டன, அல்லது அந்தச் சேவையை நிறுத்தின. அவற்றில் பெரும்பாலானவை கருக்கலைப்பே செய்யாதவை. கருத்தடை மாத்திரை, மார்பகப் பரிசோதனை, கருப்பை வாய்ப் புற்றுநோயைக் கண்டறியும் பாப் ஸ்மியர் சோதனை ஆகியவற்றுக்கு அவற்றை நம்பியிருந்தவர்கள் ஏழைப் பெண்கள்.

கருப்பை வாய்ப் புற்றுநோய் முன்கூட்டியே கண்டுபிடித்தால் தடுத்துவிடக்கூடியது. அமெரிக்காவில் வெள்ளையினப் பெண்களைவிட லத்தீன் பெண்களை அது அதிகம் தாக்குகிறது. ஒரு சோதனை மையம் மூடப்பட்டால் அதன் விளைவு அன்றைக்கே தெரியாது. சில ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய்ப் பிரிவில் தெரியும்.

கருக்கலைப்பு மையங்கள் மீது கடும் நிபந்தனைகளை விதிக்கும் சட்டம் 2013-ல் வந்தது. 40-க்கும் மேல் இருந்த மையங்கள் பாதியாகக் குறைந்தன. பள்ளத்தாக்கின் ஒரே மையமான மெக்காலன் மையமும் சில மாதங்கள் மூடிக் கிடந்தது. அதை நடத்திய நிறுவனம் தொடுத்த வழக்கில்தான் 2016-ல் உச்ச நீதிமன்றம் 5-3 என்ற கணக்கில் அந்த நிபந்தனைகளை ரத்து செய்தது. வெற்றி அதிக நாள் நிலைக்கவில்லை. 2021 செப்டம்பரில் ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு மேற்பட்ட கருக்கலைப்பைத் தடுக்கும் சட்டம் வந்தது. 2022 ஜூன் 24 அன்று ரோ தீர்ப்பையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. டெக்சாஸில் கருக்கலைப்பு ஏறக்குறைய முழுமையாக நின்றுபோனது.

இப்போது அருகில் அனுமதி உள்ள மாநிலம் நியூ மெக்சிகோ. மெக்காலனிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். பணமும் விடுமுறையும் குடியுரிமையும் உள்ளவர் போய்வரலாம். சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாதவருக்கு அது நியூ மெக்சிகோவா நிலாவா என்பதில் வித்தியாசமே இல்லை.

காப்பீடு யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை?

முக்கியமான சட்டம் 1996-ல் வந்தது. சட்டப்படி குடியேறி கிரீன் கார்டு வாங்கியவர்கள்கூட, பொதுவாக மெடிக்கெய்ட் பெற ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்றது அது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் சில மாநிலங்கள் விலக்கு தருகின்றன. இந்த விதி லத்தீன் மக்களுக்கு மட்டுமல்ல. கிரீன் கார்டோடு போகும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கும் இதே கணக்குத்தான்.

ஆவணம் இல்லாதவர்களுக்கு அவசரச் சிகிச்சைக்கு மட்டுமே மெடிக்கெய்ட் பணம் தரும். 2010-ல் ஒபாமா அரசு கொண்டுவந்த காப்பீட்டுச் சந்தையில், முழுப் பணத்தைக் கட்டுகிறேன் என்றாலும் இவர்களால் காப்பீடு வாங்க முடியாது.

பிரசவம் அவசரச் சிகிச்சைக் கணக்கில் வந்துவிடும். பிரசவத்துக்கு முந்தைய பரிசோதனைகள்? இதற்கு 2002-ல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கருவில் இருக்கும் குழந்தையைப் பயனாளியாகக் கணக்கிட்டு, குழந்தைகள் நலத் திட்டத்திலிருந்து பணம் தரலாம் என்பது விதி. டெக்சாஸும் இதைப் பயன்படுத்துகிறது. அதாவது, அந்தப் பெண்ணுக்குச் சிகிச்சை கிடைக்கிறது. ஆனால் காகிதத்தில் நோயாளி அவர் இல்லை, வயிற்றில் உள்ள குழந்தை. குழந்தை பிறந்த பிறகு தாய்க்குக் கிடைப்பது மிகக் குறைவு.

இப்போது வாசல் இன்னும் குறுகுகிறது. 2025 ஜூலையில் கையெழுத்தான டிரம்ப் அரசின் வரி, செலவினச் சட்டப்படி, 2026 அக்டோபர் முதல் அகதிகள், தஞ்சம் பெற்றவர்கள் உட்படப் பல பிரிவினர் மெடிக்கெய்ட் தகுதியை இழக்கிறார்கள்.

பயம் என்ன செய்யும்?

2017 அக்டோபரில் டெக்சாஸின் லாரெடோவிலிருந்து அறுவை சிகிச்சைக்காக ஆம்புலன்ஸில் சென்ற 10 வயதுச் சிறுமியைச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை. எல்லைக் காவலர்கள் மருத்துவமனைவரை பின்தொடர்ந்து, அறுவை சிகிச்சை முடிந்ததும் காவலில் எடுத்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட ஒரு தாய் தன் பிள்ளையை மருத்துவமனைக்கு அழைத்துப் போக எத்தனை முறை யோசிப்பார்?

அதே மாதம் இன்னொரு வழக்கு. பெற்றோர் துணையின்றி எல்லை தாண்டி வந்து, டெக்சாஸில் அரசுக் காப்பகத்தில் இருந்த 17 வயதுப் பெண் கருக்கலைப்புக்கு நீதிமன்ற அனுமதி பெற்றிருந்தார். செலவுக்குப் பணமும் இருந்தது. காப்பகத்தைவிட்டு வெளியே அனுப்பத்தான் மத்திய அரசு மறுத்தது. வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தலையிட்ட பிறகே அவரால் போக முடிந்தது.

2022 ஏப்ரலில், ரோ தீர்ப்பு ரத்தாவதற்கு முன்பே, பள்ளத்தாக்கின் ஸ்டார் மாவட்டத்தில் 26 வயதுப் பெண் கொலைக் குற்றச்சாட்டில் கைதானார். தானே கருக்கலைப்புச் செய்துகொண்டார் என்பது புகார். டெக்சாஸ் சட்டப்படி கர்ப்பிணிமீது அப்படி வழக்குப் போடவே முடியாது. உள்ளூர் அமைப்பான ஃப்ரான்டெரா ஃபண்ட் வெளியே போராட, சில நாட்களில் வழக்கு கைவிடப்பட்டது. ஆனால் செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. ‘ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் வரும்’ என்ற எண்ணம் ஒருமுறை மனதில் விழுந்தால், வழக்கு வாபஸ் ஆன தகவல் அதை அழித்துவிடாது.

நோயாளிகளிடம் குடியுரிமை நிலையைக் கேட்க வேண்டும் என 2024-ல் டெக்சாஸ் ஆளுநர் மருத்துவமனைகளுக்கு உத்தரவிட்டார். பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பதிலைப் பொறுத்துச் சிகிச்சை மறுக்கவும் முடியாது. இதை எத்தனை பேருக்கு யார் போய்ச் சொல்வது? 2025 ஜனவரியில், மருத்துவமனை, பள்ளி, வழிபாட்டிடங்களில் குடியேற்றக் கைதுகளைத் தவிர்க்கும் பழைய வழிகாட்டுதலையும் மத்திய அரசு விலக்கிக்கொண்டது.

எல்லைக்கு அந்தப் பக்கம்

ஒரு காலத்தில் மெக்சிகோ பெண்கள் கருக்கலைப்புக்காக டெக்சாஸ் வந்தார்கள். இன்று நிலைமை தலைகீழ். கருக்கலைப்பைக் குற்றமாக்குவது செல்லாது என்று மெக்சிகோ உச்ச நீதிமன்றம் 2021-லும், மத்தியச் சட்டம் தொடர்பாக 2023-லும் தீர்ப்பளித்தது. குவானஹுவாத்தோ மாநிலத்தின் ‘லாஸ் லிப்ரெஸ்’ போன்ற பெண்கள் அமைப்புகள் டெக்சாஸ் பெண்களுக்கு மாத்திரை அனுப்பி உதவுகின்றன. மாத்திரை அனுப்புவோர்மீது தனிநபர்களே வழக்குப் போட வழிசெய்யும் சட்டத்தை டெக்சாஸ் 2025-ல் இயற்றியது.

களத்தில் யார்?

இந்தப் பள்ளத்தாக்கில் வேலை செய்யும் முக்கியமானவர்கள் ‘ப்ரொமோதோரா’ எனப்படும் சமூக நலப் பணியாளர்கள். அதே தெருவில் வாழும் பெண்கள். அதே ஸ்பானிஷ் பேசுபவர்கள். எந்த மையத்தில் இலவசமாக பாப் ஸ்மியர் எடுக்கிறார்கள், எந்தப் படிவத்தில் எந்தக் கேள்விக்குப் பதில் தேவையில்லை, யார் காரில் கூட்டிப்போவார் என்பதெல்லாம் இவர்களுக்கு அத்துப்படி. ஒரு வீட்டின் சமையலறையில் நாலு பெண்கள் கூடினால் அதுவே வகுப்பு.

1994-ல் தொடங்கிய லத்தீன் பெண்களின் தேசிய இனப்பெருக்க நீதி அமைப்பு இங்கே பல ஆண்டுகளாகப் பெண்களைத் திரட்டுகிறது. பட்ஜெட் வெட்டால் பள்ளத்தாக்குப் பெண்கள் பட்ட பாட்டை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து, இனப்பெருக்க உரிமைகள் மையத்தோடு சேர்ந்து 2013-ல் அறிக்கையாக்கியது.

‘இனப்பெருக்க நீதி’ என்ற சொல்லை 1994-ல் சிகாகோவில் கூடிய கறுப்பினப் பெண்கள் உருவாக்கினார்கள். அதன் சாரம் மூன்று: குழந்தை வேண்டாம் என்று முடிவெடுக்கும் உரிமை, வேண்டும் என்று முடிவெடுக்கும் உரிமை, பெற்ற குழந்தையைப் பாதுகாப்பான சூழலில் வளர்க்கும் உரிமை. லாஸ் ஏஞ்சலிஸ் தாய்மார்கள், ரோஸி ஹிமெனெஸ், ஆம்புலன்ஸ் சிறுமி என மூன்று தரப்புக்கும் அதில் இடம் இருக்கிறது.

எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது?

கருவில் இருப்பதும் உயிர். அதைக் காப்பது அரசின் கடமை என்கிறார்கள் டெக்சாஸ் சட்டங்களை ஆதரிப்பவர்கள். கத்தோலிக்க நம்பிக்கை ஆழமாக உள்ள லத்தீன் குடும்பங்களிலும் இப்படி நினைப்பவர்கள் கணிசம். ஆனாலும் பியூ ஆய்வு மையத்தின் 2022 கணக்கெடுப்பில், கருக்கலைப்பு அனைத்து அல்லது பெரும்பாலான சூழல்களில் சட்டப்படி இருக்க வேண்டும் என்று லத்தீன் மக்களில் பத்தில் ஆறு பேர் சொன்னார்கள்.

‘சட்டவிரோதமாக வந்தவர்களுக்கு எங்கள் வரிப்பணத்தில் மருத்துவமா?’ என்பது இன்னொரு கேள்வி. ஆவணம் இல்லாதவர்களும் கடையில் விற்பனை வரி கட்டுகிறார்கள். பலருடைய சம்பளத்திலிருந்து வரி பிடிக்கப்படுகிறது என்பது பெண்கள் அமைப்புகளின் பதில். அவசரச் சிகிச்சைப் பிரிவு யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று 1986-லிருந்தே சட்டம் இருக்கிறது. இன்று ஒரு பாப் ஸ்மியருக்கு மறுத்த பணத்தைப் பின்னாளில் பல மடங்காக அவசரப் பிரிவில் செலவழிக்க வேண்டிவரும்.

இனி என்ன?

ஐந்தாண்டுக் காத்திருப்பை நீக்கும் மசோதாவை, சென்னையில் பிறந்த நாடாளுமன்ற உறுப்பினர் பிரமிளா ஜெயபால் உள்ளிட்டோர் பலமுறை தாக்கல் செய்துவிட்டார்கள், நிறைவேறவில்லை. இன்றைய வாஷிங்டனில் அதற்கான வாய்ப்பும் குறைவு.

மாநிலங்களில்தான் அசைவு தெரிகிறது. குடியுரிமை நிலை பார்க்காமல் இனப்பெருக்கச் சிகிச்சைகளுக்குப் பணம் தரும் சட்டத்தை ஒரேகன் 2017-லேயே கொண்டுவந்தது. வருமானத் தகுதியுள்ள எல்லாப் பெரியவர்களுக்கும் 2024 ஜனவரியில் கதவைத் திறந்த கலிஃபோர்னியா, நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி, ஆவணம் இல்லாத பெரியவர்களைப் புதிதாகச் சேர்ப்பதை 2026 ஜனவரி முதல் நிறுத்துவதாக முடிவெடுத்தது. திறந்த கதவு மூடப்பட இரண்டு ஆண்டு போதும் என்பதற்கு இது உதாரணம்.

அதனால்தான் பள்ளத்தாக்கின் பெண்கள் ஒரு தீர்ப்புக்காகவோ ஒரு தேர்தலுக்காகவோ மட்டும் காத்திருப்பதில்லை. வண்டி, மொழிபெயர்ப்பாளர், இலவசப் பரிசோதனை நாள், படிவம் நிரப்ப ஒரு துணை என்று தடைகளை ஒவ்வொன்றாகக் குறைக்கிறார்கள். ரோ தீர்ப்பு இருந்த காலத்திலும் இந்த வேலை தேவைப்பட்டது. அது நாளைக்கே திரும்பி வந்தாலும் தேவைப்படும்.